பாதி வெட்டிய வேர்

எங்கள் எலுமிச்சை மரம் ஒரு நாளும் தரையில் நின்றதில்லை. நிறுத்த எங்களுக்குத் தரை இல்லை. கள்ளக்குறிச்சியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் முன்னால் கொஞ்சம் திறந்த இடம் உண்டு. அங்கே, பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்றில் அது நின்றது. டிரம்முக்கு முன்னால் பெயிண்ட் வாளியில் இருந்தது. வாளிக்கு முன்னால் எண்ணெய் டின்னில். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பால் பாக்கெட்டில், ஒரு விரல் உயரத்தில்.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அம்மாவும் அப்பாவும் ஒரு வியாபாரியோடு கல்வராயன் மலைக்குப் புளி உலுக்கப் போனார்கள். அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண், கிளம்பும்போது அம்மாவிடம் இந்தக் கன்றைக் கொடுத்தாராம். எங்கே நடுவது என்று யோசிக்காமல் அம்மா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் பல வீடுகள் மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் லோடு ஆட்டோவில் முதலில் ஏறுவது மரம்தான். பீரோ இல்லாத வீட்டில் அதுதான் கனமான சாமான்.

எங்கள் சொந்த ஊர், கச்சிராயபாளையம் போகிற வழியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ஆடியில் மாரியம்மன் திருவிழா. தேர் நாளில் அம்மா தன் மரத்துப் பழங்களைக் கோர்த்து அம்மனுக்கு மாலை போடுவாள். நிலம் உள்ள வீட்டுப் பெண்கள் கடையில் வாங்கிய மாலையோடு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் வயலில் காலமெல்லாம் நாற்று நட்டவள், "இது எங்க மரத்துப் பழம்" என்று சொல்லிக்கொண்டே பூசாரியிடம் நீட்டுவாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் வருடம் முழுக்கத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறாளோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

போன வருடம் சித்திரையிலிருந்து மரம் மஞ்சளாகத் தொடங்கியது. பூ வந்தது, பிஞ்சு வந்தது, சுண்டைக்காய் அளவிலேயே உதிர்ந்தது. காலையில் ஊற்றும் தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலேயே நின்றது. பிறகு டிரம்மின் ஓரமாக வழிந்து அடித்துளை வழியாக அப்படியே வெளியேறியது. மதியத்துக்குள் இலைகள் தொங்கிவிடும். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா துணி காயப்போட மேலே வரும்போதெல்லாம் ஒன்று சொல்லிவிட்டுப் போவார்.

"ஏம்மா, இத ரோட்டோரமா நட்டுட்டா பொழச்சிக்கும். இங்க வெச்சிக்கினு ஏன் சாவடிக்கிற?"

"கண்ணு பட்டுருச்சுங்க," என்பாள் அம்மா. "பூ வெச்சப்ப நெறைய பேரு பாத்துட்டாங்க. தெனமும் துணி காயப்போட வராங்க இல்ல."

வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே கிளிப்புகளை வாயில் கவ்விக்கொள்வார்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், அதை முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். தாவரவியல் படித்தேன். வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை ரப்பர் தொடாமல் வரைவேன். எங்கள் பேராசிரியை அதை மற்ற பிரிவுகளுக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார். இப்போது ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த வீட்டு மரம் என் கண் முன்னால் காய்ந்துகொண்டிருக்க, அதற்குக் காரணம் கண் பட்டது என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"டிரம்முக்குள்ள இப்ப மண்ணே இருக்காதும்மா. வெறும் வேருதான். வெளிய எடுத்து வெட்டணும்."

"இன்னாத்த வெட்டணும்?"

"வேர."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கெளைய வெட்டுவாங்க, தழைய வெட்டுவாங்க. வேர வெட்டி எவனாச்சும் மரம் வளத்திருக்கானா?"

"நாத்து புடுங்கும்போது வேரு அறுந்துதான வருது? நட்டா வளரலியா?"

"அது புல்லு. இது மரம்."

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் அப்பா முந்திக்கொண்டார். அவர் சின்னசேலத்தில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். "அவ படிச்சத அவ செய்யட்டும், வுடு" என்றார். அந்த வாக்கியம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. மரம் போனால் என் படிப்பும் சேர்ந்து போகும் என்று அதற்கு அர்த்தம்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. உழவர் சந்தைக்குப் பக்கத்தில் விளிம்பு உடைந்த தக்காளிக் கிரேட் ஒன்று கிடைத்தது. சுற்றிலும் கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பெட்டி. அதன் உள்பக்கம் பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன். செம்மண், மக்கிய சாணம், தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் மணல் என்று கலந்து சாக்கில் கட்டிவைத்தேன். கிரேட் தரையில் ஒட்டாமல் இருக்க நான்கு மூலைக்கும் செங்கல்.

"தக்காளி கூடைல மரமா?" என்றாள் அம்மா.

டிரம்மின் சுவர் வழவழப்பானது, ஓட்டை இல்லாதது என்று விளக்கினேன். வேர் வளர்ந்து அதில் முட்டினால் நிற்காது. திரும்பிச் சுவரோடு சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் தன்னையே இறுக்கும். ஓட்டை உள்ள பெட்டியில் வேரின் நுனி காற்றுக்கு வந்ததும் காய்ந்து நின்றுவிடும். அது நின்றால் பின்னால் பக்கவேர்கள் கிளைக்கும். சல்லிவேர் கூடினால் மரத்துக்குச் சாப்பாடு கூடும். முதல் முறை மட்டும் பழைய சுருளை நாம் வெட்ட வேண்டும்; பிறகு காற்றே வெட்டிவிடும்.

"காத்து வெட்டும்," என்று அம்மா திருப்பிச் சொன்னாள். நம்பினாளா கேலி செய்தாளா தெரியவில்லை.

ஆடியில் நாள் பார்த்தேன். பங்குனி சித்திரை வெயிலில் வேரைத் தொட முடியாது. ஆடிக்காற்றுக்கு நடுவே சாயங்கால மழை எட்டிப் பார்க்கத் தொடங்கும்போது செய்தால் மரம் தேறிக்கொள்ளும். ஆனால் அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். ஊரில் காப்பு கட்டுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் தேர் முடிந்து அவிழ்க்கும் வரை எங்கள் ஊரில் பச்சை மரத்தில் அரிவாள் படக் கூடாது. எண்ணெயில் கடுகு தாளிக்கக்கூட மாட்டார்கள். வழக்கமாக ஆடி பாதியில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் காப்பு. நான் தேர்ந்தெடுத்த ஞாயிறு அதற்கு வெகு முன்னால் இருந்தது.

முதல் நாள் மாலை டிரம் நிறைய நீர் ஊற்றி ஊறவைத்தோம். காலையில் அப்பா டிரம்மைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றிலும் கட்டையால் தட்டினேன். அம்மா அடிமரத்தைக் கந்தல் சேலையால் சுற்றி மெல்ல இழுத்தாள். கொஞ்ச நேரம் எதுவும் நகரவில்லை. பிறகு ஒரு உறிஞ்சும் சத்தத்தோடு மொத்தமும் வெளியே வந்தது.

மண் என்று சொல்லிக்கொள்ள அதில் ஏதுமில்லை. டிரம்மின் வடிவத்தில் பழுப்பு வேர் பந்து. வெளிச்சுற்று வேர்கள் விரல் தடிமனில், அம்மா தலையில் வைக்கும் சும்மாடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன. குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவக் கழுவ உள்ளே இன்னொரு வளையம் தெரிந்தது. பெயிண்ட் வாளியின் அளவு. அதற்கும் உள்ளே, சதுரமாக மடங்கி, எண்ணெய் டின். ஒவ்வொரு முறையும் அம்மா வேரைத் தொடாமல் பத்திரமாக அடுத்த பாத்திரத்துக்கு மாற்றியிருந்தாள். அந்தப் பத்திரம் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. நாங்கள் இருந்த வீடுகளை அந்த வளையங்களில் அடையாளம் சொல்ல முடியும் போலிருந்தது. எண்ணெய் டின் காலத்தில் நான் ஐந்தாம் வகுப்பு.

"பாத்தியாம்மா," என்றேன். அம்மா குனிந்து அந்தச் சதுர மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மாவின் பன்னரிவாளைத்தான் எடுத்தேன். நெல் அறுக்கும் அரிவாள். பல் இருப்பதால் வாள் மாதிரி அறுக்கும். முதலில் அடியில் தட்டையாகப் படிந்திருந்த மெத்தையை அப்பம் மாதிரி அறுத்து எடுத்தேன். பிறகு கிழக்குப் பக்கத்திலிருந்து சுற்றுவேர்களை ஒவ்வொன்றாக, வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டினேன். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. ஒரு வெட்டும் இடம் தவறவில்லை. அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன். பாதிப் பந்து முடிந்தது. மேற்குப் பக்கம் திருப்பும்படி அப்பாவிடம் சொன்னபோது அம்மாவின் போன் அடித்தது.

ஊரிலிருந்து அத்தை. ஸ்பீக்கரில் பேசுவதுதான் அம்மாவின் வழக்கம்.

"அண்ணி, காப்பு கட்டியாச்சி."

"இன்னா சொல்ற? செவ்வாக்கெழம இல்ல?"

"மேளக்காரங்களுக்கு அடுத்த வாரம் வேற ஊராம். ராத்திரி பேசி முடிவு பண்ணி, காத்தாலயே கட்டிட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக வந்து என் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள். பிடுங்கவில்லை. குழந்தை கையிலிருந்து வாங்குவது போல விரல்களைப் பிரித்து வாங்கினாள்.

"காப்பு ஊருக்குத்தாம்மா. நாம கள்ளக்குறிச்சில இருக்கோம்," என்றேன்.

"கோயிலுக்கு வரி குடுத்தமா இல்லியா?"

"குடுத்தோம்."

"அப்ப நாமளும் ஊருதான்."

"பாதில வுட்டா மரம் செத்துடும்மா. இந்தப் பக்கம் வேரு போயிடுச்சி, மேல இவ்ளோ இலை இருக்குது. இலையக் கொறைக்கலன்னா அத்தனைக்கும் தண்ணி எங்கேர்ந்து ஏறும்? ஒரு மணி நேரம் குடு."

"மரம் போனா போவுது," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "அரிவா புடிச்ச கை யாருது?"

அதுவரை அவள் மரத்துக்காகப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

நடுவது தப்பில்லை என்று அப்பா சொன்னார். அப்படியே கிரேட்டில் வைத்தோம். வெட்டிய பக்கம் சுலபமாக இறங்கியது. வெட்டாத பக்கம் சுருள் பெட்டியை முட்டிப் பிதுங்கியது. கயிறு போட்டுக் கட்டினோம். புது மண்ணைக் குச்சியால் குத்தி இடைவெளி இல்லாமல் நிரப்பினேன். மண் போடும் முன்பே அம்மா வெட்டுவாய்களில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தாள். பிறகு தன் பழைய சேலைகள் இரண்டை எடுத்து வந்து கொடிக்கம்பியில் பந்தல் மாதிரி கட்டினாள்.

மறுநாள் இலைகள் சுருளத் தொடங்கின.

அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு நீராவிப்போக்கு. கரும்பலகையில் ஒரு செடியை வரைந்து, வேரிலிருந்து இலைக்கு அம்புக்குறி போட்டேன். இலையிலிருந்து நீர் வெளியேறுவதால்தான் மேலே இழுக்கப்படுகிறது என்று சொல்லும்போதே, இழுக்கக் கீழே ஒன்றும் இல்லாவிட்டால் என்ற யோசனை வந்து சாக்பீஸ் நின்றுவிட்டது. இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இலை எப்டி இருக்குது?"

"இருக்குது."

"சுருண்டுக்கினு இருக்கா, தொங்கிக்கினு இருக்கா?"

"ரெண்டும்."

"தண்ணி தெளிச்சியா?"

"தெளிச்சிக்கினுதான் இருக்கேன். நீ புள்ளைங்கள பாரு."

மாலையில் மாடிப்படி ஏறும்போது முதல் பார்வை எதில் விழும் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டே ஏறுவேன். கத்தரிக்கோல் சமையலறை அலமாரியில்தான் இருந்தது. இலைகளில் பாதியைக் கழித்துவிட்டால் போதும். அம்மா கடைக்குப் போகும் நேரத்தில் முடித்துவிடலாம். அவளுக்குத் தெரிந்தாலும் என்ன செய்துவிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு தலைவலி வந்தாலும் அவள் என் கையைப் பார்ப்பாள் என்பதை நினைத்து அலமாரியைத் திறக்காமல் இருந்தேன். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு கை வெச்சா இப்டித்தான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "எங்க தெருவுக்கு இன்னும் காப்பு கட்டல. கத்தரிய குடு, நான் நறுக்கிப் போடறேன்" என்றார்.

எனக்கு அது சரியான வழியாகத் தோன்றியது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மரம் எங்குளுதுங்க. நாளைக்கு உங்க கைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"உங்க அம்மன் என் வூடு தேடி வருமா?"

"வராதுன்னு நெனச்சிக்கினா நறுக்குங்க."

வீட்டுக்காரம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்தபோது படிக்கட்டெல்லாம் ஆட்டுப் புழுக்கை. பதறிப்போய் ஏறினேன். சேலைப் பந்தல் ஒருபக்கம் அவிழ்ந்து தொங்கியது. மரத்தின் கீழ்ப்பாதியில் ஓர் இலைகூட இல்லை. வெறும் முள்ளும் குச்சியும். வீட்டுக்காரம்மா அவர்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு வளர்க்கும் கிடா, முன்னங்கால்களைக் கிரேட்டின் விளிம்பில் வைத்து எக்கி, இன்னும் எட்டுகிற இலைகளைப் பறித்துக்கொண்டிருந்தது. கயிறு அம்மாவின் கையில்.

"இன்னாம்மா பண்ற?"

"நீதான இலைய கொறைக்கணும்ன?"

"காப்பு?"

"ஆட்டுக்கு யாருடி காப்பு கட்னது?"

கீழேயிருந்து வீட்டுக்காரம்மா குரல் வந்தது. "என் கெடாவுக்குப் பேதியாச்சின்னா உன் பொண்ணுதான் வைத்தியம் பாக்கணும்."

"எலுமிச்ச தழைதானங்க. நல்லா செரிக்கும்," என்றாள் அம்மா.

நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் திரும்ப வந்தது. நான் வெட்டியிருந்தால் எந்தக் கிளையில் எவ்வளவு என்று கணக்குப் பார்த்திருப்பேன். ஆடு எட்டியவரைக்கும் தின்றிருந்தது. எட்டாத உச்சியில் இலைகள் அப்படியே இருந்தன. அவையும் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. அந்த உச்சியில், பிஞ்சிலேயே உதிராமல் தப்பிய ஒரே ஒரு பழம் இருந்தது.

தேர் நாளில் அம்மா அதைக் கையால் பறித்தாள். மாலைக்குக் கடையில் வாங்கலாம் என்று அப்பா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் அந்த ஒற்றைப் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பூசாரி ஒரு பழத்தை மாலையாகப் போட முடியாது என்பதால் அம்மன் காலடியில் வைத்தார். "எங்க மரத்துப் பழம்" என்று அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நான் அதைக் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

காப்பு அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரல் நகத்தால் ஒரு குச்சியின் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். கீழே பச்சை. இன்னொரு குச்சி, பழுப்பு. மறுபடி ஒன்று, பச்சை. அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து வந்த நாட்களில் காலை எழுந்ததும் எங்கள் இருவருக்கும் அதே வேலை. அரிவாளை அவளே எடுத்து வெளியே வைத்தாள். நான்தான் தொடவில்லை. இருக்கிற வேரும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

முதல் துளிர் கிழக்குப் பக்கம் வந்தது, நான் வெட்டிய பக்கம். கடுகு மாதிரி ஒரு பச்சை முடிச்சு, பிறகு இரண்டு, பிறகு பார்க்கும் இடமெல்லாம். மழைக்காலம் முடிவதற்குள் கிரேட்டின் அந்தப் பக்க ஓட்டைகளில் வலையைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர் நுனிகள் எட்டிப் பார்த்தன. சில நாளில் அவை காய்ந்து பழுப்பாகி நின்றன. "காத்து வெட்டிட்டுது" என்று அம்மா வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேற்குப் பக்கம் அப்படியில்லை. அங்கே இரண்டு கிளைகள் காய்ந்தன. மற்றவை மஞ்சளாகவே இழுத்துக்கொண்டு கிடந்தன. ஆனால் கிழக்கு துளிர்க்கும்வரை மரத்துக்கு உயிர்த் தண்ணீர் ஏறியது அந்தப் பழைய சுருள் வழியாகத்தானோ என்றும் எனக்கு ஓர் எண்ணம். அன்றைக்கு முழுவதையும் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது மறுபடியும் ஆடி வரப்போகிறது. மேற்குப் பாதியை வெட்டியாக வேண்டும். கிழக்கில் இந்த முறை காய் பிடித்திருக்கிறது, மாலைக்குப் போதும் என்று அம்மா சொல்கிறாள். அத்தைக்கு இதுவரை பலமுறை போன் செய்துவிட்டாள். மேளக்காரர்களின் வீட்டுக்கே பேசி, எந்தெந்த வாரம் எந்தெந்த ஊர் என்று கேட்டும் வைத்திருக்கிறாள். அரிவாளுக்குச் சாணை பிடித்தாயிற்று.

நேற்று மாலை நான் கிரேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேற்குப் பக்க மண்ணை விரலால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் சாகக் கிடந்த மரத்தில் கை வைத்தேன். இந்த முறை காய்த்துக்கொண்டிருக்கும் மரம். வெட்டு இடம் தவறுமோ என்று இருக்கிறது.

"எப்போ வெட்டப் போற?" என்று கேட்டுக்கொண்டே அம்மா துணி எடுக்க வந்தாள்.

"வர ஞாயித்துக்கெழம."

அம்மா கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். போகும்போது, "வூட்டுக்காரம்மா புதுசா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்குது" என்றாள். "எதுக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."